காரணம் எழுதும் கட்டம்

கிராம அலுவலர் நீட்டிய படிவத்தில்
ஆறாவது கேள்விக்கு
ஒரு தீப்பெட்டி அளவு இடம்.
'குடிமாறுவதற்கான காரணம்.'

முன்பு மாறின மாற்றங்களுக்கு
ஒருவரும் காரணம் கேட்டதில்லை.
செல் விழுந்தது, நடந்தோம்.
சாமான் கட்டினால் பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்று
உடம்பு இன்னும் நம்புகிறது.
இந்த முறையும் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தபோது
அடையாள அட்டை இருக்கிறதா என்று
இரண்டு தரம் கைப்பையைத் தடவினேன்.

பார்மசியில் கேட்டார்கள்:
"டவுனை விட்டிட்டு ஆரும்
தனங்கிளப்புக்குப் போவினமோ?"
காணி மலிவு என்றேன். பொய்யில்லை.
அங்கே அரைப் பரப்புக்குச் சொன்ன காசுக்கு
இங்கே நாலு பரப்பு, ஒரு கிணறு,
கண்ணிவெடி எடுத்து முடித்ததற்கு அடையாளமாய்
எல்லையில் வெள்ளை பூசின கட்டைகள்.

ரொறன்ரோ மச்சாளுக்கு: நல்ல காற்று.
குகதாசனின் கூட்டாளிகளுக்கு: அமைதி.
இதுதான் பெரிய பொய்.

நாங்கள் அமைதிக்குப் பயந்துதான் ஓடினோம்.

துவாரகனுக்குப் பத்து வயது. சொல் இல்லை.
ஒரு கூவல் இருக்கிறது.
அடிவயிற்றில் தொடங்கி,
சங்கு ஊதுகிறவனுக்கு மூச்சு முட்டும் இடத்தையும்
தாண்டிப் போகும்.
சந்தோஷத்துக்கும் அதுதான், பசிக்கும் அதுதான்,
பின்னேரம் ஐந்தரைக்கு
ஒன்றுக்குமில்லாமலும் அதுதான்.

கீழ்வீட்டு மிஸிஸ் பரஞ்சோதி நல்ல மனுசி.
ஏழு வருஷத்தில் ஒரு நாளும் ஏசவில்லை.
தும்புத்தடியால் சீலிங்கில் இரண்டு தட்டு,
மெதுவாக.
ரியூசன் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அர்த்தம்.
அந்த இரண்டு தட்டுக்காக
அவன் வாயில் கை வைத்திருக்கிறேன்.
ஒரு நாள், தட்டு வருமுன்னே,
அவனே தன் கையைத் தூக்கித்
தன் வாயில் வைத்தான்.

அன்றிரவுதான் குகதாசன்
காணி விளம்பரம் பார்க்கத் தொடங்கினது.

சும்மா சொல்லக்கூடாது, இங்கே கஷ்டம்.
கிணறு உவர்.
குடிதண்ணீர் பவுசரில், செவ்வாயும் வெள்ளியும்.
ஆறு நாற்பது பஸ்ஸைத் தவறவிட்டால்
எட்டு மணிவரை ஒழுங்கை முகப்பில்
மாடுகளோடு நிற்க வேண்டும்.
முதல் மாதம் இரண்டு பாம்பு.

முதல் நாள் ஐந்தரைக்கு
முற்றத்தில் நின்று கையைப் பாதி தூக்கினான்.
காத்திருந்தான்.
நிலத்துக்குக் கீழே ஒருவரும் தட்டவில்லை.
பிறகு விட்டான் பார் ஒரு கூவல்,
தரவையில் நின்ற ஆட்காட்டிகள் எல்லாம்
ஒன்றாய் எழும்பிக் கத்தின.

மூன்றாம் நாள் பதில் வந்தது.
"ஓய்!"
என் கை பழக்கத்தில் அவன் வாய்க்கு ஓடியது.
சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு மனுசன்,
பெயர் பசுபதியர் என்று பிறகு தெரியும்.
"கூப்பிட்டனீங்களோ?"
நானில்லை, மகன் என்றேன்.
அவனைப் பார்த்தார்.
"தம்பி, சிவத்த மாடொண்டு கண்டனியோ?"
அவன் கூவினான்.
"அப்ப அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிப்
போய்விட்டார்.
மாடு அந்தப் பக்கம் இல்லை.
அது முன்னமே வீட்டுக்குப் போயிருந்ததாம்.

இப்போது நாளாந்தம் ஐந்தரைக்கு
இவன் ஒன்று, வயலுக்கு அப்பால் அவர் ஒன்று.
வேறு கதையில்லை.

படிவத்தில் 'சொந்த வீடு' என்று எழுதினேன்.
அலுவலர் தலையாட்டி முத்திரை குத்தினார்.

நேற்றுப் பதில் வரவில்லை.
பசுபதியர் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போனவர்.
நாலு தரம் கூவிவிட்டு நின்றவனுக்காகக்
குசினிக்குப் பின்னால் ஒளிந்து
நான் "ஓய்" என்றேன்.

திரும்பிப் பார்த்தான்,
பிழையான இலக்கத்துக்கு எடுத்துவிட்டதுபோல்.
பிறகு வயல் பக்கம் முகத்தை வைத்து
மறுபடி காத்துக்கொண்டு நின்றான்.